நிற்கத் தெரிந்த வண்டி: பழைய ஜீப்பின் பிரேக் கட்டைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் வசையாகவே கையாள்கிறோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். தேரோட்டத்தை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வசை சற்று அநீதியாகவே தோன்றும். வடம் பிடித்து இழுக்கும் ஆயிரம் கைகளுக்கும் தெரியாத ஒன்று, சக்கரத்தின் அருகே குனிந்து ஓடும் சிலருக்குத் தெரியும். தேர் நகர்வதற்குப் பலம் போதும். திரும்புவதற்கும் நிற்பதற்கும் அறிவு வேண்டும். சக்கரம் உருண்டு வரும் நேரத்தில், அதன் கீழே சரியான கோணத்தில் கட்டையைக் கொடுத்துக் கையை எடுத்துக்கொள்ளும் அந்த மனிதர்கள்தாம் தேரின் பிரேக். கட்டை ஒரு கணம் பிந்தினால் தேர் வீட்டுச் சுவரில் மோதும். கை ஒரு கணம் பிந்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 300 டன் எடையுள்ளதென்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. அதன் பின்னரும் முட்டுக்கட்டைக்காரர்கள் தேரை விட்டுப் போய்விடவில்லை.

நமது இலக்கியமும் வரலாறும் ஓட்டத்தைப் பாடிய அளவுக்கு நிறுத்தத்தைப் பாடவில்லை. தேரின் வேகம், குதிரையின் கதி, உமணர் வண்டிகளின் நெடும்பயணம் எல்லாம் சங்கப் பாடல்களில் உண்டு. அச்சு முறியுமோ என்ற கவலை கூட உண்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பதை அவனுக்கு உவமையாக்கினார். உதிரிப்பாகம் ஒன்று ஒரு மன்னனுக்கு உவமையான இடம் உலக இலக்கியத்தில் வேறு எங்கேனும் உண்டா என்பது நாம் அறியோம். வள்ளுவரும் பெருந்தேருக்கு இன்றியமையாத சிறிய அச்சாணியை நினைவுகூர்ந்தார். ஆனால் சரிவில் இறங்கும் வண்டியைப் பிடித்து நிறுத்திய பொருளைப் பற்றி யாரும் பாடியதாக நமக்கு நினைவில்லை. அந்தப் பாடப்படாத பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் எழுதிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தூண்டுகோல், நமது ஊராகிய ராயகிரியில் நாம் கண்ட ஒரு பழைய ஜீப்பும் அதன் நான்கு சக்கரங்களுக்குள் இருந்த எட்டுக் கட்டைகளும்.

*

சமவெளியில் மாட்டு வண்டிக்குக் காளைகளின் கழுத்தே பிரேக். மூக்கணாங்கயிற்றை இழுத்தால் காளை பின்வாங்கும். நுகத்தடி கழுத்தில் முட்டும். வண்டி நிற்கும். மலைச் சரிவில் இது செல்லாது. பாரத்தின் எடை முழுவதும் நுகத்தின் வழியே காளையின் மேல் சாயும். ஆகவே ஆரக்கால்களின் ஊடே தடியைச் செருகிச் சக்கரத்தை உருளவிடாமல் செய்வதும், பின்னால் மரக்கட்டையைக் கட்டி இழுத்து வருவதும் உலகெங்கும் மலைப்பாதை வண்டிக்காரர்கள் அறிந்த உபாயங்கள். ஐரோப்பாவில் சரிவு வந்ததும் சக்கரத்தின் கீழே ஓர் இரும்புத் தகட்டைச் செருகுவார்கள். சக்கரம் உருளாமல் அதன்மேல் ஏறி நின்று சறுக்கிக்கொண்டு வரும். சக்கரத்துக்கு மாட்டிய அந்தத் தகட்டையும் அவர்கள் ‘ஷூ’ என்றே அழைத்தார்கள். பிரேக் ஷூ என்று நமது பட்டறைகளில் புழங்கும் சொல்லின் சொந்தக்காரன் இவ்வாறு நமது முட்டுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

காலணிக்கும் பிரேக்குக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், குதிரை வண்டிக்காரர்கள் சரிவில் இறங்குவதற்கு முன் தங்கள் மரக்கட்டை பிரேக்கின் மேல் பழைய பூட்ஸ் தோலை அடித்துக்கொள்வதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்ததாகச் சொல்வார்கள். மரம் மரத்தைப் பிடிப்பதைவிடத் தோல் நன்றாகப் பிடித்தது. அதைவிட நன்றாகப் பிடிப்பது எது என்று தேடத் தொடங்கிய அவர், 1897-ல் ஃபெரோடோ நிறுவனத்துக்கு வித்திட்டார். பிசின் ஊறிய துணியில் தொடங்கிய அவருடைய தேடல், 1908 வாக்கில் அஸ்பெஸ்டாஸ் நாரில் போய் நின்றது. நெருப்பில் வேகாத, தேயத் தாமதிக்கும், விலை மலிந்த கனிம நார் அது. நூறாண்டுக் காலம் உலகின் பிரேக்குகள் எல்லாம் அந்த நாரின்மேல் நின்றன. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்குப் பின்னர் வருவோம்.

1902-ல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு உருவம் கொடுத்தார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வட்டப் பேழை. அதற்குள்ளே சுழலாமல் நிற்கும் இரண்டு பிறைவடிவக் கட்டைகள். மிதியை அழுத்தினால் பிறைகள் விரிந்து பேழையின் உட்சுவரைப் பற்றும். விட்டால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தத்துவம் இவ்வளவே. ஆனால் கம்பிகளாலும் நெம்புகோல்களாலும் நான்கு சக்கரத்தையும் ஒரே அளவில் பிடிக்கச் செய்வது பெரும்பாடு. இடது சக்கரம் முந்திப் பிடித்தால் வண்டி இடப்புறம் இழுக்கும். இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். விமான நிறுவனத்தால் பெயர் பெற்ற அதே குடும்பத்தின் பிள்ளை. குழாயில் அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் செல்லும் என்ற பாஸ்கல் விதியை அவர் பிரேக்குக்குப் பொருத்தினார். 1921-ல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது.

தொடக்க கால பிரேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்தவை. இதைப் படித்தபோது நமக்குத் தாத்தாவின் வண்டி நினைவுக்கு வந்தது. வைக்கோல் கரியில் விளக்கெண்ணெயைக் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து அச்சுக்குத் தடவும் ‘வண்டிமை’. இங்கே சக்கரம் ஓடுவதற்கு உதவிய எண்ணெய், அங்கே அது நிற்பதற்கு உதவியிருக்கிறது.

*

1940-ல் ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவம் கால் டன் பாரம் சுமக்கும் இலகுவான நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கேட்டது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இயங்கிய பான்டம் என்ற சிறு நிறுவனம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடங்களைக் கொண்டு, முதல் வண்டியை அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்தது. ஆனால் பெரும் உற்பத்தி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. அவற்றின் ஒவ்வொரு சக்கரத்திலும் 9 அங்குல விட்டமும் ஒன்றே முக்கால் அங்குல அகலமும் கொண்ட டிரம் பிரேக். கால் டன் பாரத்துக்கும் நான்கு சிப்பாய்களுக்கும் என்று கணக்கிட்ட அளவு அது. இந்த எண்ணை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்தியாவில் 1945-ல் மகீந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து மகீந்திரா அண்டு முகம்மது என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரிவினையின்போது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் நிறுவனம் மகீந்திரா அண்டு மகீந்திரா ஆயிற்று. பாகங்களாகக் கப்பலில் வந்த வில்லிஸ் ஜீப்புகள் பம்பாயில் பூட்டப்பட்டு ஊரெங்கும் புறப்பட்டன. வில்லிஸின் சிஜே 3பி என்ற உயர்ந்த முகம் கொண்ட வண்டி 1953-ல் தோன்றி அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோனது. அதன் வாரிசுகள் இந்தியாவில் 21-ஆம் நூற்றாண்டிலும் உருவாகிக்கொண்டிருந்தன.

1952 அக்டோபர் 2-ல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், நமது கிராமங்களுக்கு அரசாங்கம் என்பது ஜீப்பின் வடிவிலேயே வந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர் வந்ததும், மலேரியா ஒழிப்புக்காரர்கள் மருந்து தெளிக்க வந்ததும், சிவப்பு முக்கோணம் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சார வண்டி வந்ததும், ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் வண்டி வந்ததும் ஜீப்பில்தான். புழுதி எழுந்தால் ‘சீப்பு வருது’ என்று பிள்ளைகள் ஓடிய காலத்தை நம் பெற்றோர் தலைமுறை நன்கறியும்.

அரசு கழித்துக்கட்டிய ஜீப்புகள் ஏலத்தில் போயின. ஏலத்தில் எடுத்தவர்கள் மலைக்கு ஏற்றினார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண் கூலியாட்களை விடியலில் ஏற்றிச்சென்று மாலையில் இறக்கிவரும் ஜீப்புகளைத் தேனி மாவட்டத்தார் அறிவார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாறைப்பாதையில் இன்றும் ஜீப்பே கதி. நமது தென்காசிப் பக்கத்திலும் மலையடிவாரத்து எலுமிச்சைத் தோப்பு, தென்னந்தோப்பு, மலைமேல் எஸ்டேட் என்று ஜீப்புக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. நான்கு சிப்பாய்களுக்கென்று அளந்து செய்த வடிவத்தில் பன்னிரண்டு பேர், அவர்களுடைய தூக்குச்சட்டிகள், உர மூட்டைகள். வண்டியை ஏற்றத்தில் இழுக்க எஞ்சினை மாற்றிக்கொண்டார்கள். பெட்ரோலுக்குப் பதில் டீசல் வந்தது. பிரேக்கைப் பற்றிய கவலை மட்டும் எப்போதும் கடைசியில்தான் வந்தது. மேலே சொன்ன 9 அங்குலத்தை இப்போது நினைவுகூரலாம்.

*

சில ஆண்டுகளுக்கு முன்னர், கோடை விடுமுறையில், நண்பர் ஒருவரின் ஜீப்பில் ஆரியங்காவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். 1987-ல் பதிவான, ஓர் அரசுத் துறை ஏலத்தில் வாங்கிய வண்டி. கோட்டைவாசல் தாண்டிப் புளியரையை நோக்கி இறங்கும் சாலையில் பெயர்பெற்ற எஸ் வளைவு உண்டு. கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் கேரளத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள் திணறித் திரும்பும் இடம். அதற்குச் சற்று முன்னதாக நண்பர் பெடலை மிதித்தபோது அது பலகை வரை இறங்கியது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை அடித்து மிதித்தபோது பாதிப் பிடி கிடைத்தது. அவர் எதுவும் பேசாமல் இரண்டாவது கியருக்கு இறக்கினார். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்தது. பின்னிருக்கையில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நாம் பாடவில்லை. வளைவைக் கடந்து, சாலையோர மணல்மேட்டில் சக்கரத்தை ஏற்றி வண்டியை நிறுத்திய பின்னரே அவருடைய நெற்றியைப் பார்த்தோம். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் அதன்பிறகு வசையாகச் சொன்னதில்லை.

தணிந்த பிறகு பிரேக் ஓரளவு மீண்டது. இதற்குக் காரணம் உண்டு. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறும். சூடேறிய இரும்பு விரியும். விரிந்தால் கட்டையை விட்டு விலகும். ஆக, எந்த நேரத்தில் பிடி மிகுதியாக வேண்டுமோ அந்த நேரத்தில் டிரம் கட்டையிலிருந்து தள்ளிப்போகிறது. லைனிங்கில் உள்ள பிசின் வெந்து வாயு கசிந்தால் பிடிமானமே வழுக்கலாகிவிடும். இவற்றுக்கு மேல், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஊறியதும் அந்த எல்லை 140-க்கு இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி தோன்றும். திரவத்தைப் போலன்றி ஆவி நசுங்கும். பெடல் பலகையைத் தொடுவது அப்போதுதான். டிஸ்க் பிரேக் வந்ததற்கு இந்த வெப்பமே முக்கியக் காரணம். திறந்த தட்டு காற்றில் ஆறும், மூடிய பேழை ஆறாது. மலையிறங்கும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் இவ்வளவு பௌதிகம் அடங்கியிருக்கிறது.

*

அந்த வண்டியை மறுநாள் ராயகிரிக்கே கொண்டுவந்தோம். சிவகிரிக்கு அருகில், மேற்கே மலைத்தொடர் தெரியும் பேரூராட்சி அது. அங்கே நமக்குச் சிறுவயதிலிருந்து பழக்கமான பட்டறை ஒன்று இருந்தது. வேப்பமரத்தடியும் ஒரு தகரக் கொட்டகையும்தான் பட்டறை. மெக்கானிக் அண்ணாச்சிக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. பேனட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் காலடியில் இருந்த தகட்டைத் தூக்கினார். பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும் என்பதை அறியாதவர்கள் ஆயில் ஊற்றவே மறந்துவிடுவார்கள்.

“ஆயில் கருத்துப்போய் காப்பி மாதிரி கெடக்கு. எப்பத் தம்பி மாத்துனது?” என்றார். நண்பரிடம் விடையில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தார். இடப்பக்கச் சக்கர நட்டுகள் மறுசுற்றுத் திருகாணிகள் என்பதை நினைவூட்டினார். அக்காலத்து ஜீப்புகளில் இது வழக்கம். தெரியாமல் பலம் காட்டியவர்கள் போல்ட்டை முறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிரம்மைக் கழற்றியபோது கட்டைகளின் லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. ரிவெட் டிரம்மை உரசி உள்ளே வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் கசிந்து கட்டையில் எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுபவர்கள் உண்டு. அண்ணாச்சி அதை ஏற்பதில்லை. “ஊறுனது ஊறுனதுதான். சூடானா திரும்பக் கக்கும்” என்பார்.

அவர் வேலை செய்த முறையில் நமது துறைக்கே உரிய ஒரு நெறியைக் கண்டோம். ஒரு சக்கரத்தைப் பிரிக்கும்போது மறுசக்கரத்தைத் தொடவே மாட்டார். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது, எந்தக் கட்டை முன்னே இருந்தது என்று ஐயம் வந்தால், பிரிக்காத சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் மாற்றுப் பிரதியைக் கையருகே வைத்துக்கொள்வது போன்றது இது. அந்தச் சக்கரத்தில் பாடவேறுபாடும் இருந்தது. இரு கட்டைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. முன்கட்டையின் லைனிங் நீளமானது, பின்கட்டையினது குறுகியது. முன்னோக்கி ஓடும்போது டிரம்மின் சுழற்சி முன்கட்டையைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுகச் செய்யும். ஆகவே உழைப்பும் தேய்மானமும் அதற்கே மிகுதி. முன்பு யாரோ வலச் சக்கரத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். “இதாம் வண்டி ஒரு பக்கமா இழுத்திருக்கு” என்று அண்ணாச்சி ஒரே பார்வையில் சொன்னார். நண்பர் ஓராண்டாக ஸ்டியரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய லைனிங்கின் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, புதிய லைனிங்கைக் கட்டையின்மேல் வைத்து, நடுவிலிருந்து தொடங்கி இருமுனைகளையும் நோக்கி ரிவெட் அடித்தார். முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் வயிறு தூக்கிக்கொள்ளும். டிரம்களைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பினோம். கோடு மறையும் வரை கடையலாம் என்றாலும் அதற்கு எல்லை உண்டு. பொதுவாக விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால் டிரம் மெலிந்து சூட்டைத் தாங்காது. ஒரு பக்கத்து டிரம்மைக் கடைந்தால் அதே அச்சின் மறுபக்கத்தையும் கடைய வேண்டும். லைனிங்கும் அப்படியே, இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். ரப்பர் வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவப்போன நண்பரின் கையை அவர் தட்டிவிட்டார். மண்ணெண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

பூட்டிய பின், பின்தகட்டிலுள்ள கோணல் ஆணிகளைத் திருகிக் கட்டையை டிரம் தொடும் வரை விரித்து, சக்கரம் உரசத் தொடங்கியதும் சற்றே தளர்த்தி, தடையின்றிச் சுழலும் இடத்தில் நிறுத்தினார். பெடலுக்கு அரை அங்குலம் வெற்றோட்டம் வைத்தார். அது இல்லாவிட்டால் ஆயில் திரும்ப வழியின்றிக் கட்டைகள் பிடித்தபடியே இருக்கும். பிறகு ‘ஏர் எடுப்பது’. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக நிப்பிளைத் திறந்து, குமிழி நிற்கும் வரை மிதிக்க வேண்டும். மிதிக்கும் வேலை நமக்குக் கிடைத்தது. ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்ற மூன்று ஏவல் வினைமுற்றுகளில் ஒரு பிற்பகல் கழிந்தது.

இறுதியாக, புதுக்கட்டை படிவதற்கு முதல் நூறு மைலாவது மெதுவாக மிதித்து ஓட்டச் சொன்னார். ஓடையில் இறங்கினால் கரையேறியதும் பெடலை இலேசாக மிதித்துக்கொண்டே சற்றுத்தூரம் போய் ஈரத்தை உலர்த்தச் சொன்னார். டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது என்பதால்.

*

இனி அந்தத் தூசியைப் பற்றி.

நமது பத்து வயதில், 1990-களின் தொடக்கத்தில், அதே வேப்பமரத்தடியில் டிரம் கழற்றுவதை வேடிக்கை பார்ப்பது நமக்குப் பெரிய பொழுதுபோக்கு. கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கும். எடுபிடிப் பையன் அதை வாயால் ஊதுவான். பம்ப் இருந்தால் காற்றடிப்பான். வெயில் கீற்றில் அந்தத் தூசி மினுங்கியபடி மிதப்பது அழகாக இருக்கும். “தம்பி, தள்ளி நில்லு, மேல படும்” என்று அண்ணாச்சி நம்மைத்தான் விலக்கினார். அவர் விலகவில்லை. அந்தப் பையனும் விலகவில்லை. வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும் என்பதே அன்று அவர்கள் அறிந்த ஆபத்து.

அஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்குகள் எங்கும் புழங்கிய காலம் அது. அந்த நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ஊசிகளாகப் பிளக்கக்கூடியவை. மூச்சில் நுழைந்து நுரையீரலில் தைத்தால் உடல் அவற்றைக் கரைக்க முடியாது. நுரையீரல் தடித்துப்போகும் நோயும், நுரையீரல் புற்றும், அதன் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றும் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுக்கான வாய்ப்பு பலமடங்காகும். பிரேக் தூசியில் பெரும்பகுதி நார்கள் வெப்பத்தில் உருமாறிவிடுகின்றன என்பது உண்மையே. ஆயினும் எஞ்சியவை உண்டு. புதிய லைனிங்கைத் துளைத்து, அராவி, உப்புத்தாளில் தேய்க்கும்போது எழும் தூசியோ உருமாறாதது.

பிரிட்டன் 1999-லும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 தொடக்கத்திலும் அஸ்பெஸ்டாஸை விலக்கின. அமெரிக்கா 1989-ல் கொண்டுவந்த தடையை அந்நாட்டு நீதிமன்றம் 1991-ல் பெருமளவு நீக்கியது. எஞ்சியிருந்த கிரைசோடைல் வகைக்கும், மாற்றுப் பிரேக் உதிரிகள் உட்பட, 2024 மார்ச்சில்தான் அங்கே தடை அறிவிக்கப்பட்டது. நமது உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அஸ்பெஸ்டாஸ் ஆலைகள் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை நாற்பது ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. மகத்தான தீர்ப்பு. ஆனால் ஆலைக்குப் பதிவேடு உண்டு. வேப்பமரத்தடிக்கு ஏது? இந்தியாவில் அஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடையும் இல்லை.

இதில் தமிழ்நாட்டின் பங்கையும் சொல்ல வேண்டும். இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய தொழிலின் கிளையாகவே, 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் எழுந்தன. ரானே பிரேக் லைனிங் 1964-ல் தோன்றியது. நாட்டின் வண்டிகளில் பெரும்பங்கு நிற்பது சென்னையில் செய்த பொருள்களால்தான் என்றால் மிகையாகாது. அஸ்பெஸ்டாஸ் கலவாத லைனிங்குகள் இன்று நம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும் என்பதே செய்தி. பெயரில்லாத மலிவுப் பெட்டியில் வருவது எதனால் ஆனது என்று கடைக்காரருக்கே தெரியாது.

நம் நண்பரின் ஜீப்பைப் பிரித்த அன்று, அண்ணாச்சி டிரம்மை ஊதவில்லை. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் போட்டுக் கட்டினார். ஏன் என்று கேட்டோம். “மகன் சொன்னான் தம்பி, போன்ல பாத்திருக்கான். நாப்பது வருசம் ஊதியாச்சு. இனிமே ஊதுனா என்ன, ஊதாட்டா என்ன?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அது பீடியின் இருமலா, தூசியின் இருமலா என்று பிரித்துச் சொல்ல நமக்கு அறிவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்க்கலாமே என்றோம். பார்க்கலாம் என்றார். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அதற்கு மறு ஆண்டு அவர் மறைந்தார். மகன் வெளியூரில் இருசக்கர வாகன விற்பனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். வேப்பமரம் இருக்கிறது. ஜீப்பும் ஓடுகிறது. கடந்த மழைக்காலத்துக்கு முன் அதன் கட்டைகளைப் பார்க்க வேண்டியிருந்தபோது, நமது மாவட்டத்தில் ரிவெட் அடித்து லைனிங் மாற்றித் தருபவரைத் தேட நண்பருக்கு மூன்று நாட்கள் ஆயின. ஒரு சிற்றூர்ப் பட்டறையில் இளைஞர் ஒருவர் கிடைத்தார். டிரம்மைக் கழற்றியதும் பழக்க தோஷத்தில் ஊதக் குனிந்தார். நண்பர் அவர் தோளைத் தொட்டு, வாளியிலிருந்த ஈரத்துணியை எடுத்து நீட்டினாராம்.

கோணல் ஆணி, ஏர் எடுப்பது, கட்டை படிவது, பெடல் வெற்றோட்டம் என்று பட்டறைகள் உருவாக்கிய சொற்களை எந்த அகராதியும் முறையாகத் தொகுத்ததாக நாம் அறியவில்லை. வண்டிமையையும் சேம அச்சையும் போல இவையும் ஒருநாள் உரையாசிரியரின் விளக்கம் வேண்டி நிற்கக்கூடும். தத்தம் ஊர்ப் பட்டறைகளில் புழங்கும் இத்தகைய சொற்களை அறிந்தவர்கள் எழுதித் தந்தால் தொகுத்து வைப்போம். எழுதித் தருவதற்கு முன்னர், அந்தப் பட்டறைக்காரர் டிரம்மைக் கழற்றியதும் என்ன செய்கிறார் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுகிறோம்.